பனிச்சிறுத்தையும் கிப்பர் ஊராரும்



மானுக்கும் மயிலுக்கும் இரங்காதார் இலர். ஆட்டைக் கொன்ற விலங்குக்கு இரங்குமாறு, அந்த ஆட்டை இழந்தவனிடம் எவ்வாறு கூறுவது? இமாசலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் உள்ள கிப்பர் என்னும் சிற்றூர் இவ்வினாவை நேரே எதிர்கொண்டது.

அம்மலைகளில் பனிச்சிறுத்தை வாழ்கிறது. ஆய்வாளர் சாருதத் மிஸ்ரா 1990களில் கிப்பர் பகுதியில் கால்நடை இழப்பைக் கணக்கெடுத்தார். பதினெட்டு மாதங்களில் 189 கால்நடைகளைக் காட்டு விலங்குகள் கொன்றனவென மக்கள் கூறினர்; அது அவர்தம் கால்நடைகளில் 18 விழுக்காடு. ஒரு குடும்பத்தின் இழப்பு, சராசரித் தனிநபர் ஆண்டு வருவாயில் பாதியளவு. இத்தகைய மக்களைக் கொடியவர் என்று ஏசுவதில் என்ன நீதி உண்டு?

குற்றம் எவர்மீதென்று தேடாமல், காரணத்தை ஆராய்ந்ததே அம்முயற்சியின் சிறப்பு. ஊர்க் கால்நடைகள் பெருகப் பெருக, பரல் என்னும் காட்டு ஆட்டுக்குப் புல் குறைந்தது. இயற்கை இரை அருகிய இடத்தில் பட்டியை நாடுவது வேட்டை விலங்கின் இயல்பு. ஆகவே ஊராரோடு பேசி, மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதி காட்டு ஆடுகளுக்கென ஒதுக்கப்பட்டது. நிலத்துக்கு ஈடாக ஊருக்குப் பணம் தரப்பட்டது. பின்னர் அங்கே பரல்கள் பெருகின. 2002இல் ஊராரே நடத்தும் கால்நடைக் காப்பீடு தொடங்கியது. குடும்பங்கள் தவணை செலுத்தின, வெளியுதவியும் சேர்ந்தது. பட்டிக்குள் புகும் சிறுத்தை ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடக்கூடும். ஸ்பிதியில் பட்டிகளின் கூரைத் திறப்புக்குக் கம்பிவலையும் வாயிலுக்கு உறுதியான கதவும் அமைத்தது இதனாலேயே. சிறு செலவு, எனினும் ஆட்டுக்கும் சிறுத்தைக்கும் ஒருங்கே காவல்.

2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பு, இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றுள் 477 லடாக்கைச் சேர்ந்தவை. தானியங்கிக் கேமராவில் பதியும் உடற்புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் வேறுபிரித்து அறிகின்றனர். கிப்பர் இளைஞர்கள் அக்கருவிகளைப் பாறையிடுக்குகளில் பொருத்தக் கற்றனர். அண்மையில் அவ்வூர்ப் பெண்களும் படங்களைப் பிரித்தறியும் பணியில் இறங்கினர்; குளிர்கால வேலைக்கு ஊதியமும் உண்டு.

பள்ளிச் சிறுவர்க்கு அங்கே இயற்கை முகாம்கள் நடைபெறுகின்றன. பாடநூலில் யானையையும் சிங்கத்தையும் படித்த பிள்ளைகள், தம் வீட்டுக்கு மேலுள்ள மலையில் நடந்து, தடமும் எச்சமும் கண்டு, தொலைநோக்கியில் பரல் மந்தையை எண்ணப் பழகுகின்றனர். நாளை பட்டிக்குக் காவலிருக்கப் போகின்றவர்கள் இப்பிள்ளைகளே.