பதிவேட்டில் ஓடும் ஜெனரேட்டர்கள்

(அந்தமான் வாழ் தமிழர்களின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். குடியிருப்பு நிலத்துக்குப் பட்டா பற்றிப் பேசலாம். கப்பல் டிக்கெட் கிடைக்காமல் நாட்கணக்கில் காத்துக் கிடக்கும் கொடுமையைப் பேசலாம். தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றிப் பேசலாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் ஒரு டீசல் இயந்திரத்தைப் பற்றி அரசியல் மேடையில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது, தோழர்களே. அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் வேலை யாருக்குக் கொடுக்கப்படுகிறது, எந்த வேலைக்காகப் பணம் பட்டுவாடா ஆகிறது, வேலை நடந்ததா என்று யார் பார்க்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளும் பொதுப்பணத்தைப் பற்றியவை. மக்கள் உயிரைப் பற்றியவை. அதனால் இது அரசியல்தான்.

முதலில் நம் தீவுகளின் நிலைமையைப் பார்ப்போம். மெயின்லேண்டில் ஒரு மின்நிலையம் நின்றால், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து மின்சாரம் கம்பி வழியாக வந்து சேர்ந்துவிடும். நமக்கு அப்படி ஒரு கம்பி கிடையாது. தமிழ்நாடு நமக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறது. நம் தீவுகளுக்குள்ளேயே போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார் சுமார் 270 கிலோமீட்டர். கேம்பல் பே சுமார் 540 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் தலைநகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும் தூரம் மாறவில்லை. வெளித்தீவில் இருக்கும் மின்நிலையம் நின்றால் பக்கத்துத் தீவு கைகொடுக்க வழியில்லை.

டிக்லிப்பூர்ப் பக்கம் கல்பாங் நீர்மின் நிலையம் இருக்கிறது. அதன் திறன் 5.25 மெகாவாட். கராச்சர்மாவில் 2013-இல் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. 2020-இல் நெய்வேலி நிறுவனம் தெற்கு அந்தமானில் பேட்டரிச் சேமிப்போடு 20 மெகாவாட் சூரிய மின்சாரம் அமைத்தது. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் டீசல்தான். ஆகவே நம் ஆஸ்பத்திரிகளில் நிற்கும் அவசர ஜெனரேட்டர், ஒரு டீசல் நின்றால் உதவிக்கு வரும் இன்னொரு டீசல். இரண்டும் குடிப்பது ஒரே கப்பலில் வரும் எண்ணெயை. இரண்டையும் அரிப்பது ஒரே உப்புக் காற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

2004 டிசம்பர் 26-ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. நம் தீவுகளில் இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் சுமார் 3,500 பேர். கார் நிக்கோபாரின் மலாக்கா கிராமம் அழிந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த நம் மக்கள் வாழ்ந்த கச்சால் தீவை அலை வாரிக்கொண்டு போயிற்று. பல தீவுகளில் ஜெட்டிகளும் மின்நிலையங்களும் அழிந்தன. காயம்பட்டவர்கள் எந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்களோ, அதே நேரம் மின்சாரமும் போயிருந்தது. அவசர ஜெனரேட்டர் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

ஜப்பானைப் பாருங்கள். 2011 மார்ச் 11 அன்று புகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேட்டர்கள் உண்டு, பராமரிப்பும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றைக் கட்டடத்தின் அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். கடல் நீர் உள்ளே புகுந்ததும் அவை செத்துப்போயின. ஆறாம் உலைக்காக உயரத்தில் வைத்திருந்த, காற்றால் குளிரும் ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து வேலை செய்தது. ஐந்தாம், ஆறாம் உலைகளை அதுவே காப்பாற்றியது. 2004-க்குப் பிறகு நம் தீவுகளில் பல இடங்களில் நிலமே தாழ்ந்திருக்கிறது. சிப்பிகாட் வயல்களில் உப்புத் தண்ணீர் வந்து தங்கியதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அன்று மேடாக இருந்த இடம் இன்றும் மேடுதானா என்று ஒரு ஜெனரேட்டர் கொட்டகையிலாவது யாராவது அளந்து பார்த்தார்களா? பராமரிப்பு என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

சுனாமி எப்போதோ வருவது என்று சொல்பவர்களுக்கு மதுரையைக் காட்டுகிறேன். 2019 மே 7 அன்று மாலை, மழையோடு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை. தீவிர சிகிச்சையில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். மின்சாரம் போனதால்தான் இறந்தார்கள் என்று உறவினர்கள் கதறினார்கள். நோயின் கடுமையால் இறந்தார்கள், கருவிகளுக்கு பேட்டரி இருந்தது என்று நிர்வாகம் மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஒரு மாலை மழைக்கே, தென் மாவட்டங்களின் தலைமை மருத்துவமனையில் அந்தக் கேள்வி எழுந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்துவிடலாம். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோன நாளில் நம் வெளித்தீவுக்கு யார் வருவார்கள்?

சரி, ஜெனரேட்டர் ஏன் கைவிடுகிறது? பெரிய இயந்திரக் கோளாறு எதுவும் வேண்டியதில்லை. முதல் குற்றவாளி பேட்டரி. உப்புக் காற்றில் அதன் முனைகள் பூத்துப்போகும், தண்ணீர் வற்றும், சார்ஜர் பழுதானாலும் வெளியே தெரியாது. அடுத்தது டீசல். நம் மழைக்காற்றின் ஈரம் டாங்கில் தண்ணீராய் இறங்கும். அந்தத் தண்ணீரில் பூஞ்சை பிடிக்கும். அது போய் ஃபில்டரை அடைக்கும். மூன்றாவது, சுமையில்லாமல் ஓட்டுவது. மெக்கானிக் வந்து ஐந்து நிமிடம் வெறுமனே ஓட்டிவிட்டு நிறுத்துகிறார். அப்படி ஓட்டினால் டீசல் முழுதும் எரியாது. கரியும் எரியாத எண்ணெயும் உள்ளே படிந்துகொண்டே வரும். உண்மையான சுமை ஏறும் நாளில் இயந்திரம் திணறும். நான்காவது, மெயின் போனதும் தானாக மாற்றிவிட வேண்டிய பேனல். இயந்திரம் நன்றாய் ஓடும், பேனல் மாறாது, வார்டு இருட்டாகவே இருக்கும்.

இந்த நான்கையும் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. மாதம் ஒருமுறை மெயினை வேண்டுமென்றே அணைக்க வேண்டும். ஜெனரேட்டர் தானாகக் கிளம்புகிறதா, எத்தனை நொடியில் வெளிச்சம் வருகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியின் உண்மையான சுமையை ஏற்றி அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். இது என் சொந்தக் கற்பனை இல்லை. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த 110-ஆம் தரநூல் இதைத்தான் சொல்கிறது: மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம், இயந்திரத்தின் திறனில் குறைந்தது 30 சதவீதச் சுமை. உயிர்காக்கும் பிரிவுகளுக்கு 10 நொடிக்குள் மின்சாரம் வந்தாக வேண்டும் என்றும் அந்தச் சங்கத்தின் தரநூல்கள் சொல்கின்றன.

இதற்குச் செலவு எவ்வளவு? ஒரு சிறிய சுகாதார நிலையத்துக்கு 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓட்ட இரண்டு லிட்டர் டீசல் கூட ஆகாது. இரண்டு லிட்டர் டீசலுக்கா நம்மிடம் பஞ்சம்?

பஞ்சம் டீசலில் இல்லை. ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருக்கிறது. ஏ.எம்.சி. என்று சொல்கிறார்களே, அந்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை தடவை வருகை, இன்னின்ன சரிபார்ப்பு, வேலை முடிந்ததும் அலுவலர் கையெழுத்து, அதன்மேல் பில் என்று எழுதுவதுதான் வழக்கம். அதாவது சர்க்கார் பணம் கொடுப்பது வருகைக்கும் கையெழுத்துக்கும். ஜெனரேட்டர் கிளம்பியதா என்பதற்கு அல்ல. யார் குறைந்த விலை போட்டாரோ அவருக்கு டெண்டர். குறைந்த விலை எப்படிக் குறைந்தது? வெளித்தீவில் ஆள் வைக்காததால் குறைந்தது. பேட்டரியும் ஃபில்டரும் ஃபேன் பெல்ட்டும் தீவில் இருப்பு வைக்காததால் குறைந்தது. வேலைக்காரனுக்குச் சேரவேண்டிய கூலியில் பிடித்ததால் குறைந்தது.

ஒரு தீவின் சுகாதார நிலையத்தில் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எந்தத் தீவு என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்யும் சகோதரிக்குத் தொல்லை வரக்கூடாது. ஒவ்வொரு வரியிலும் ‘சரி’, ‘சரி’ என்று எழுதியிருந்தது. “கடைசியா இது எப்போ ஓடிச்சும்மா?” என்று கேட்டேன். அந்த நர்ஸ் சொன்னார்: “மெக்கானிக் வந்தப்போ ஓடிச்சு அண்ணே. கரண்ட் போனப்போதான் ஓடல.”

அந்த மெக்கானிக்கைத் திட்டி முடித்துவிடலாமா? கூடாது, தோழர்களே. அவன் யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை. இராமநாதபுரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த குடும்பத்தில் பிறந்தவன். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருப்பவன். மாற்றுவதற்கு பேட்டரி கொடுக்காமல் அனுப்பப்பட்டவன். ‘சரி’ என்று எழுதாவிட்டால் பில் பாஸ் ஆகாது. பில் பாஸ் ஆகாவிட்டால் அவனுக்குக் கூலி இல்லை. பொய் எழுதினால்தான் சோறு என்ற ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேலே இருக்கிறார்கள்.

சட்டம் அவனுக்குத் துணை நிற்கிறதா? 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தியது. அதன் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அது அந்த எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டது. ஜெனரேட்டர் பார்க்க நான்கு பேரை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் ஆள் அன்றும் வெளியே நின்றான். இன்று இன்னும் தள்ளி நிற்கிறான். சர்க்காரே நேரடியாக வைத்த தினக்கூலி மஸ்தூர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தங்களுக்குச் சேரவேண்டியதைக் கேட்டு எத்தனை ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள்! 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு, தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்ய உத்தரவிட்டது. மறுநாளே உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. சங்கமாய் நின்றவர்களுக்கே இந்தப் பாடு என்றால், தனியாய் ஒரு தீவில் ஸ்பேனரோடு நிற்பவன் கதி என்ன?

இதற்கு எதிராகப் பொறியாளர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். “இலாகாவே பராமரித்த காலத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடியதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோதனை இல்லாத இடத்தில் சர்க்கார் ஊழியரின் கையெழுத்தும் பொய்யாகலாம், ஒப்பந்தக்காரரின் கையெழுத்தும் பொய்யாகலாம். ஒப்பந்தமே கூடாது என்று நான் வாதாடவில்லை. எதற்குப் பணம் என்பதை மாற்றுங்கள் என்கிறேன். நம் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: வருகைக்குப் பில் வேண்டாம். மெயினை அணைத்து, சுமை ஏற்றி, அரை மணி ஓடிக் காட்டிய மாதத்துக்கு மட்டும் பில் கொடுங்கள்.

இரண்டு: சோதனையில் கையெழுத்துப் போடுபவர் அந்த வெளிச்சத்தில் வேலை செய்பவராய் இருக்கட்டும். நர்ஸ் போடட்டும், ஜெட்டி ஊழியர் போடட்டும், தண்ணீர் பம்பு ஓட்டுபவர் போடட்டும். எத்தனை நொடியில் மின்சாரம் வந்தது என்பதையும் அவரே எழுதட்டும்.

மூன்று: பேட்டரி, ஃபில்டர், பெல்ட், செல்ஃப் மோட்டார் ஆகியவையும் போதிய டீசலும் அந்தத் தீவிலேயே பூட்டி வைத்திருக்க வேண்டும். போர்ட் பிளேர்க் கிடங்கில் இருக்கிறது என்பது கப்பல் ஓடாத நாளில் பதிலாகாது.

நான்கு: எல்லாத் தீவுகளையும் ஒரே டெண்டரில் கட்டி ஒருவரிடம் கொடுக்கும் வழக்கம் ஒழியட்டும். தீவுவாரியாகப் பிரியுங்கள். தீவில் வசிக்கும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நியாயமான சம்பளமும் சேமநிதியும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

ஐந்து: சோதனை அட்டையைக் கொட்டகைச் சுவரில், எல்லோரும் படிக்கத் தொங்கவிடுங்கள்.

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதா? வேண்டாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டினால் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம். பதிவேட்டையும் நேரில் பார்வையிடலாம். ஒவ்வொரு தீவுக்கும் நம் உறுப்பினர் இருவர் பொறுப்பெடுங்கள். ஆஸ்பத்திரி, ஜெட்டி, குடிநீர்ப் பம்பு மூன்றின் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்குங்கள். கடைசியாகச் சுமையேற்றி ஓட்டியது எந்தத் தேதி என்ற ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள். வரும் பதிலையும், வராத பதிலையும் நம் பத்திரிகையில் தீவு வாரியாக அச்சிடுவோம். வங்காளித் தோழர்களையும், ராஞ்சியிலிருந்து வந்த தோழர்களையும், நிக்கோபாரி மக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் பிரசவம் பார்க்கும் துன்பத்துக்கு மொழி கிடையாது.

அடுத்த புயல் எந்த நாள் வரும் என்று நமக்குத் தெரியாது. இந்த மாதச் சோதனை நடந்ததா இல்லையா என்பது தெரிந்துகொள்ளக் கூடிய விஷயம். அதைத் தெரிந்துகொள்ளும் வேலையை நாளைக் காலையிலேயே தொடங்குவோம் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.