படத்தில் இல்லாதவர்கள்

(மயிலாப்பூரில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



மைசூர்ப் போர்களை நடத்தும்போது ஆண்டுகளையும் உடன்படிக்கைகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புக்கு ஓர் ஓவியத்தின் அச்சுப்படியை எடுத்துச் சென்றேன். 'கர்னல் மூர்ஹவுஸின் மரணம்' என்பது அதன் பெயர். வரைந்தவர் ராபர்ட் ஹோம். 1791இல் சென்னைக்கு வந்து சில ஆண்டுகள் இங்கே தொழில் செய்த ஆங்கிலேய ஓவியர். மூல ஓவியம் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 மார்ச் 7 அன்று காரன்வாலிஸின் படை பெங்களூர்ப் பேட்டையின் அல்சூர் வாயிலைத் தாக்கியது. கதவை உடைக்கப் பீரங்கியைக் கொண்டுவந்தபோது, சென்னைப் பீரங்கிப் படையின் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் குண்டுபட்டு இறந்தார். அடிமட்ட வீரராகச் சேர்ந்து உயர்ந்தவர் அவர். ஓவியத்தில் அவர் நடுவில் சாய்ந்திருக்கிறார். சக அதிகாரிகள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"இதுபோல வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். சாந்தோமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "மாதா மடியில இயேசு படுத்திருப்பாரே, அது மாதிரி இருக்கு சார்" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். போர்க்கள மரணத்தை அந்தச் சாயலில் அமைப்பது அக்கால ஐரோப்பிய ஓவியர்களின் வழக்கம். பெஞ்சமின் வெஸ்ட் 1770இல் வரைந்த 'ஜெனரல் வுல்ஃபின் மரணம்' இதில் புகழ்பெற்றது. 1759இல் கியூபெக்கில் வுல்ஃப் இறந்தபோது வெஸ்ட் அங்கே இல்லை. படத்தில் சூழ்ந்து நிற்பவர்களில் பலரும் அருகில் இல்லை. இத்தகைய ஓவியம் நடந்ததை நடந்தபடி காட்டுவதில்லை. இறந்தவரை எப்படி நினைக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறது. இதை விளக்கிவிட்டு, பாடம் நன்றாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது கடைசி வரிசைப் பையன் எழுந்தான். "அந்தப் பக்கமும் செத்திருப்பாங்கல்ல சார்? அவங்க படம் எங்கே?"

என்னிடம் விடை இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அன்றிரவு தேடிப் படித்தேன். மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தபோது, அதன் கில்லேதாரான முதியவர் பகதூர் கான் போரிட்டு மடிந்தார். அவர் உடலை ஒப்படைக்க காரன்வாலிஸ் முன்வந்தார். விழுந்த இடத்திலேயே அடக்கம் செய்வதே அவருக்குப் பெருமை என்று திப்பு சொல்லியனுப்பினார்.

மறுநாள் இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. மூர்ஹவுஸுக்கு ஓவியமும் இருக்கிறது, நம் ஜார்ஜ் கோட்டையிலுள்ள தூய மேரி ஆலயத்தில் நினைவுச்சின்னமும் இருக்கிறது. பகதூர் கான் பெயரை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட வகுப்பில் உச்சரித்ததில்லை. கும்பெனியின் சென்னைப் படையில் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள்? செங்கம் பகுதி நடுகற்களில் ஆநிரைப் பூசலில் மடிந்த ஊர் வீரனின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது என்பதையும் அன்று சொன்னேன்.

மூர்ஹவுஸுக்காக மாணவர்கள் வருந்தினார்கள். அதில் தவறில்லை. அந்த வருத்தம் ஒருவரோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். பாடநூலில் எந்தப் படம் வந்தாலும் மூன்று கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நடுவில் இருப்பவர் யார்? இதை வரையச் செய்தவர்கள் யார்? படத்தில் இல்லாதவர்கள் யார்? முடிந்தால் ஒருநாள் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடற்கரைச் சாலையில் நேர்வழிதான். திப்புவின் இரு மகன்கள் பிணையாக இருந்ததும் அந்தக் கோட்டையில்தான்.

மூன்றாவது கேள்விக்கு நமக்கே விடை தெரியாமல் போகலாம். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். ஆனால் மறுநாள் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.