வரலாற்றுக் கட்டுரைக்கு எப்படித் தலைப்புக் கொடுப்பது?

(அறக்கட்டளையின் மாணவர் கட்டுரைப் போட்டி குறித்த ஆசிரியர் ஆலோசனைக் கூட்டத்தில், கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





பள்ளி முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். உங்கள் வருகையை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. சுருக்கமாகவே பேசுகிறோம்.

கடந்த ஆண்டுப் போட்டிக்கு 'விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு' என்று தலைப்புக் கொடுத்தோம். நோக்கம் நல்லதுதான். பாடநூலில் ஒரு வரியில் போய்விடும் பெயர்களைப் பிள்ளைகள் அறியட்டும் என்று நினைத்தோம். வந்தவையோ பெயர்ப் பட்டியல்கள். ஒரே பத்தி ஏழு தாள்களில் இருந்தது, அதே எழுத்துப் பிழையோடு. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பட்டியல் கேட்டோம், கொடுத்தார்கள்.

அந்தக் கட்டில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் வேலூரைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார். 'திப்புவின் கொடியை ஏற்றிய சிப்பாய்களோடு இந்துக்களும் இருந்தார்களே, ஏன்?' என்று கேட்டு, தன்னால் முடிந்தவரை பதில் தேடியிருந்தார். 'பெயர்கள் குறைவு' என்று மதிப்பெண்ணைக் குறைத்தவர்கள் நாங்கள்தான். பரிசளிப்பு முடிந்து தாள்களை மறுபடி படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆறுதல் பரிசுகூட அந்தப் பிள்ளைக்குப் போகவில்லை.

ஆகவே இந்த ஆண்டு தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும் என்கிறோம். வேலூரையே எடுத்துக்கொள்வோம். 'வேலூர்ப் புரட்சி பற்றி எழுதுக' என்றால் பாடநூல் பக்கம் அப்படியே திரும்பி வரும். அதற்குப் பதில், செய்திகளை நாமே பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை. அது பசுத்தோலோ, பன்றித்தோலோ என்ற அச்சம். நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் தடை, தாடியை மழிக்க உத்தரவு, மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் கிளர்ச்சி. திப்புவின் பிள்ளைகளும் அதே கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். பிறகு கம்பெனி என்ன செய்தது? தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றது. கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் தளபதி ஜான் கிரடாக்கையும் பதவியிலிருந்து திரும்ப அழைத்தது. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது.

இப்போது கேட்போம்: 'காரணம் தலைப்பாகையா, திப்புவின் குடும்பமா? கம்பெனி பின்னர் செய்த காரியங்களை வைத்து, அது எதைக் காரணமாக நம்பியது என்று சொல்வீர்கள்?' இதற்குக் கைடைப் பார்த்து எழுத முடியாது. இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதுவார்கள். இருவருமே முழு மதிப்பெண் வாங்கலாம். திருத்துகிறவர்களுக்குத்தான் சிரமம். அதற்காக இன்னும் இருவரைச் சேர்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

'நீங்கள் கில்லஸ்பியாக இருந்தால்' போன்ற கேள்விகளையும் சிலர் அனுப்பியிருந்தீர்கள். மன்னிக்கவும், அதற்குக் கதைதான் வரும்.

இன்னொரு வகைக் கேள்விக்குப் புத்தகமே தேவையில்லை. 'உங்கள் தெருவிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போனவர் ஒருவர் யார்? எது அவரை அனுப்பியது?' கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று நம் ஊர்களிலிருந்து போகாத இடமில்லை. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது காடும் மலையும் நடந்தே திரும்பியவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பழைய பாஸ்போர்ட், நன்னிமா பெட்டியில் வைத்திருக்கும் அரபுத்தமிழ்க் கடிதம், மையவாடியின் மீஸான் கல் எல்லாமே ஆதாரம்தான். அந்த ஆதாரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று இரண்டையும் பிள்ளை எழுத வேண்டும். வீட்டாரின் சம்மதம் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். கடன், பாகப்பிரிவினை என்று வெளியில் சொல்ல விரும்பாதவை கடிதங்களில் இருக்கும்.

உங்கள் மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். பாடநூலைப் பார்த்தே பதில் எழுதிவிடலாம் என்று அவர் சொன்னால், அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். முதல் தாளில் அந்த மாணவியின் கேள்வியை நாங்களே எழுதி வைத்துவிட்டோம்.

வஸ்ஸலாம்.