எந்தக் கட்டிக்கு எந்த மருந்து?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னாங்க. அதனால் எங்க வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்க மாமியாருக்கு அறுபது வயசு தாண்டிருச்சு. நடவுக்குப் போனால் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்ப்பாங்க. மூன்று வருஷத்துக்கு முந்தி, வரப்பில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குதுன்னாங்க. வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா இருக்குங்கிறதைக் கூச்சப்பட்டுச் சொல்லவே இல்லை. கேஸ் மாத்திரையிலேயே ஆறு மாதம் போச்சு. ஒரு நாள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உடம்பில் ரத்தமே இல்லைன்னாங்க. இரைப்பையில் கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது.

டாக்டரம்மா, "இது வழக்கமா வர்ற வகை மாதிரி தெரியலை. எடுத்த சதையில இன்னொரு டெஸ்ட் பண்ணணும்"னு சொன்னாங்க. எனக்குக் கோபம். அதான் கேன்சர்னு தெரிஞ்சு போச்சே, மருந்தை ஏத்த வேண்டியதுதானே, இன்னொரு டெஸ்ட் காசு பிடுங்கவா என்று நினைத்தேன். பணம் புரட்டிட்டு வர்றோம்னு சொல்லிவிட்டு வந்து, மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. மாமியாரும் "எனக்காகக் கடனை இழுத்துப் போடாதத்தா"ன்னு சொல்லிட்டாங்க.

குழுக் கூட்டத்தில் தவணை கட்டும்போது அழுதுட்டேன். விஷயத்தைக் கேட்டு, அன்றைக்கே பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கொடுக்கத் தீர்மானம் எழுதினார்கள். டெஸ்ட் எடுத்தோம். அது 'ஜிஸ்ட்' என்கிற வகைக் கட்டி என்று தெரிந்தது.

டாக்டரம்மா எனக்குப் புரியிற மாதிரி சொன்னாங்க. கிணத்து மோட்டாரில் சுவிட்ச் சிக்கிக்கிட்டா மோட்டார் நிக்காம ஓடும் இல்லையா? அதுபோல இந்தக் கட்டியில் பெரும்பாலும் 'கிட்' என்கிற மரபணு பழுதாகி, செல்லை நிறுத்தாமல் பெருகச் சொல்லிக்கிட்டே இருக்கும். வழக்கமான கீமோ இதுக்குச் சரியாகக் கேட்காது. 'இமாடினிப்' என்கிற மாத்திரை அந்தச் சுவிட்சை அணைக்கும். ஆனால் சாதாரண இரைப்பைப் புற்றுநோய்க்கு இந்த மாத்திரை உதவாது. டெஸ்ட் பார்க்காமல் மருந்து கொடுத்திருந்தால் காசும் போயிருக்கும், காலமும் போயிருக்கும். கட்டியின் பழுதைப் பார்த்து மருந்து கொடுக்கிறதைத்தான் துல்லிய மருத்துவம் என்கிறார்கள்.

இந்த மாத்திரை நம்ம கைக்கு எட்டும் விலைக்கு வந்ததுக்கும் ஒரு கதை உண்டு. நோவார்ட்டிஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் மாத்திரை அந்தக் காலத்தில் ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. நம்ம நாட்டுக் கம்பெனிகள் செய்தது அப்போது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. தனக்கு மட்டும் உரிமை வேண்டும் என்று அந்தக் கம்பெனி கேட்டதை, மும்பையில் உள்ள ஒரு புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்த்தது. 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நோயாளிகள் சங்கமாகச் சேர்ந்ததும் அதில் ஒரு பங்கு. சேர்ந்து நிற்பதன் அருமை நமக்குத் தெரியாததா?

மற்ற குடல் புற்றுநோய்களுக்கும் இதே கதைதான். இரைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் 'ஹெர்-2' என்ற டெஸ்ட் பார்த்து, இருந்தால் அதற்கென்று உள்ள ஊசியைச் சேர்ப்பார்கள். பெருங்குடல் புற்றுநோய் பரவியிருந்தால் 'ராஸ்' மரபணுவைப் பார்ப்பார்கள். அதில் பழுது இருந்தால் 'செடுக்சிமாப்' என்ற விலை கூடிய ஊசி பலன் தராது. எந்த மருந்து வேண்டாம் என்று தெரிந்துகொள்வதும் லாபம்தானே? நகையை அடகு வைக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்.

நான் பட்டதில் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: மலம் கறுப்பாகவோ ரத்தத்தோடோ போனால், காரணமில்லாமல் எடை குறைந்தால், சோகை வந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸ் மாத்திரையில் நாளைக் கடத்த வேண்டாம்.

இரண்டு: சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு, மெழுகில் பதித்த அந்தச் சதைத் துண்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 'பிளாக்' என்று கேட்டால் தருவார்கள். அடுத்த டெஸ்ட் அதிலேயே செய்யலாம்.

மூன்று: "இந்தக் கட்டிக்கு மரபணு டெஸ்ட் தேவையா? வரும் முடிவால் மருந்து மாறுமா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

நான்கு: குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்குக் குடல் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில வகை குடும்ப வழியாக வரும்.

ஐந்து: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உதவி உண்டு. எந்த டெஸ்ட், எந்த மருந்து அதில் சேரும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு உடனே கொடுங்கள். டெஸ்ட் செலவுக்குக் கேட்டாலும் தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கு எங்க குழு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால், நான் திரும்பப் போயிருக்கவே மாட்டேன்.

மாமியார் தினமும் சாப்பிட்டதும் நிறையத் தண்ணீரோடு மாத்திரை போடுகிறார். கண்ணைச் சுற்றி வீங்குது. ஸ்கேனுக்கும் தவறாமல் போகிறோம். பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனாலும் இன்றைக்கு ஆடுகளைப் பட்டியில் அடைச்சுட்டு, என்னோடு பஸ் ஏறி வந்திருக்காங்க. கடனில் இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி.