தந்தியும் கைபேசியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாங்கள் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் ஏடு எழுதும் குமாஸ்தாக்கள், விஞ்ஞானிகள் அல்லோம். ஆயினும் செய்தி செல்லும் வழிக்கும் இருப்புப் பாதைக்கும் நெடுநாள் உறவு உண்டாதலின், அதுபற்றிச் சில சொல்லத் துணிகின்றோம்.

நம் நாட்டில் 1850-ஆம் ஆண்டு கல்கத்தாவிற்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் தந்திக் கம்பி சோதனையாக அமைக்கப்பெற்றது. பின்னர்ப் பொதுமக்களுக்கும் அவ்வசதி கிட்டியது. மோர்ஸ் முறையில், கட்டையைத் தட்டினால் கம்பியில் மின்சாரம் ஓடும், விட்டால் நிற்கும். குறுந்தட்டு, நெடுந்தட்டு என்ற இரண்டைக் கொண்டே எழுத்துகள் அனைத்தும் அமைந்தன. 2013 ஜூலைத் திங்களில் தந்திப் பணி முடிவுற்றது.

1990-ஆம் ஆண்டு ஒரு மாலை, நாக்பூரில் எங்கள் குடியிருப்பின் வாயிலில் தந்திச் சேவகர் மிதிவண்டியை நிறுத்தினார். "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்பதே வாசகம். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். பிரிக்குமுன்பே அன்னையார் அழத் தொடங்கினார். தந்தையார் கிராண்ட் டிரங்க் வண்டியேறிச் சென்னை சென்று, அங்கிருந்து தஞ்சை சேர்ந்தபோது, ஈமச் சடங்குகள் முடிந்திருந்தன. பெற்ற தாயின் முகத்தை அவர் காணவில்லை.

இன்று அச்செய்தி இமைப்பொழுதில் வரும், முகத்தையும் காட்டும். கைபேசி நம் குரலை எண்களாக்கி, வானலை வழியே அருகிலுள்ள கோபுரத்திற்கு அனுப்புகின்றது. அங்கிருந்து அது பெரும்பாலும் கண்ணாடி இழையினூடே ஒளியாய் ஓடுகின்றது. 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரெயில்டெல் நிறுவனம் அவ்விழைகளை நம் தண்டவாளத்தின் ஓரமாகவே பதித்துள்ளது. படங்களும் எழுத்துகளும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்லும். சரக்குப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுச் சீட்டு ஒட்டி, வெவ்வேறு தடத்தில் அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் வரிசையாகக் கோப்பது போன்றதே இது. காட்டு வழியில் வண்டி ஓடும்போது பேச்சு அறுபடுவது, அங்கே கோபுரத்தின் அலை எட்டாமையால்தான்.

நன்மை இத்துணை என்றால், தீமையும் உண்டு. வங்கி அதிகாரி எனச் சொல்லி இரகசிய எண்ணைக் கேட்டு, முதியோரின் சேமிப்பைக் கவர்வார் உளர். எவர் கேட்பினும் அவ்வெண்ணைச் சொல்லற்க. உண்மையறியாது வந்த செய்தியைப் பிறர்க்கு அனுப்புவதும் பிழையே.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 2018-இல் எங்கள் தந்தையார் மறைந்தார். பேரப்பிள்ளைகட்கு அவர் அனுப்பிய குரற்செய்திகள் ஒரே கைபேசியில் இருந்தன. பிரதி எடுத்து வையாதது எங்கள் குற்றம். அக்கருவி பழுதுற்றது, குரலும் போயிற்று. ஆனால் அவர் தம் தாயாருக்கு எழுதிய கடிதங்களோ, பாட்டியாரின் தகரப் பெட்டியில் நூலால் கட்டிக் கிடந்தன. ஈமக்கடன் முடித்துத் திரும்புகையில் அவர் கொணர்ந்த அக்கட்டு இன்றும் எங்கள் வீட்டில் உளது.

அண்மையில் அதனை எங்கள் மகனிடம் கொடுத்தோம். தொலைபேசியில் தமிழ் மழலை பொழியும் பிள்ளை; கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தால் எழுதும் பிள்ளை. தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்து, "அப்பா, இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். எங்களுக்குப் பதில் வரவில்லை. கருவியைப் பழித்துப் பயனென்ன? கற்பிக்காத நாமே பொறுப்பாளிகள்.

ஆதலின் நாம் அனைவரும் ஒன்று செய்வோமாக. பேச்சைக் கைபேசியில் பேசுவோம். திங்களுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு ஓர் உள்நாட்டுக் கடிதம் தமிழில் எழுதச் செய்வோம். நான்கு வரியாயினும் போதும், பிழையிருப்பினும் போதும். எங்கள் மகன் சென்ற வாரம் மூன்று வரி எழுதினான்.

வாழ்க தமிழ்!