கடை அடைத்த நாட்களின் கணக்கு

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நமக்கு லாபமா, நஷ்டமா என்று பேசச் சொன்னார்கள். டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். சாப்பாட்டுக் கடைக்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே கல்லாப்பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 மார்ச் 18. இருபத்துநாலு மணி நேரமும் விளக்கு அணையாத கடை. பூட்டு எங்கே கிடக்கிறது என்று தேடியே அரைமணி நேரம் போனது. பொட்டலம் மட்டும் கட்டலாம் என்றார்கள். ஏப்ரலில் இரவு 8 மணிக்கு மூட வேண்டும் என்றார்கள். நம் வியாபாரமே அதற்குப் பிறகுதானே! அந்த நோன்பில் ரமலான் பசார் இல்லை, பள்ளிவாசலில் தராவீஹ் இல்லை. நாடு நாளொன்றுக்கு 240 கோடி வெள்ளி இழக்கிறது என்று பிரதமர் முஹிதீன் யாசின் மே 1-ஆம் தேதி சொன்னபோது, அதில் என் பங்கு எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஆனால் அதே வீட்டில் என் உம்மாவும் இருந்தார். வயது 76, சர்க்கரை நோய். என் அண்ணன் மகன் ஸ்ரீ பெட்டாலிங் கூட்டத்துக்குப் போய் வந்தவன். ஒவ்வொரு வெள்ளியும் உம்மாவின் கையை முத்தமிட வருகிற பிள்ளை. ஆணை வந்ததால் அந்த வெள்ளி வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவனுக்குத் தொற்று உறுதியானது. உம்மா இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

முதல் அடைப்புக்குப் பலன் இருந்தது என்பதே என் முடிவு. 2020 ஜூலைத் தொடக்கத்தில் சில நாட்கள் புதிய தொற்று ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அந்த ஆண்டு முடியும்போது நாட்டில் இறந்தவர்கள் 500-க்கும் குறைவு. அடுத்த ஆண்டு முடிவில் அது 31,000-ஐத் தாண்டியது.

2021 ஜூன் 1-இல் வந்த முழு அடைப்பை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் மேசை நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்தோம். பல தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆகஸ்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்று. கடைசியில் கைகொடுத்தது தடுப்பூசி. அதற்குள் ஜனங்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். சேமநிதியிலிருந்து நான்கு திட்டங்களில் எடுத்த பணம் 14,500 கோடி வெள்ளி. முதுமைக்கு வைத்த காசு அது.

கொள்ளைநோய் ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற ஹதீஸை அந்த நாட்களில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். எனக்கே நாற்பது முறை வந்தது. வெளியேற முடியாதவனுக்கு யார் சோறு போடுவது என்று ஒருவரும் கூடவே எழுதவில்லை.

என் கடையில் பதினோரு பேர், எல்லாரும் ராமநாதபுரம் பக்கம். அரசாங்கத்தின் சம்பள மானியம் மலேசியர்களுக்கு மட்டும். அவர்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தேன். சாப்பாடும் இடமும் கொடுத்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் ஒரு தம்பியின் அத்தா ஊரில் மௌத்தானார். விமானம் இல்லை. மாடியறையில் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்து ஜனாஸாவைப் பார்த்தான். பிறகு கீழே இறங்கி வந்து பரோட்டா மாவு பிசைந்தான். நான் போகச் சொல்லியும் கேட்கவில்லை. மீதிப் பாதிச் சம்பளத்தை 2022-இல்தான் கொடுத்து முடித்தேன். இரண்டு பேர் அதற்குள் ஊர் போய்விட்டார்கள். உறவினர் மூலம் அனுப்பினேன்.

ஐம்பது வருடச் சங்கம் நம்முடையது. இதே மண்டபத்தில் எத்தனையோ கல்யாணத்துக்குப் பந்தி போட்ட அந்தப் பிள்ளைகளின் பெயர் நம் உறுப்பினர் ஏட்டில் இல்லை. ஒரு தனி ஏடு, ஒரு தனி நிதி. கடைக்கு மாதம் 50 வெள்ளி. நான் முதல் வருடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பொருளாளர் வாசல் பக்கம் நிற்கிறார். சாப்பிடப் போகும் வழியில் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.