சட்டம் யாரை எண்ணுகிறது?

(நெய்வேலியில் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘சட்டத்தின் வழியாகச் சமூகநீதி’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். 14 சமத்துவம், 17 தீண்டாமை ஒழிப்பு, 23 கட்டாய உழைப்புக்குத் தடை, 39 சம வேலைக்குச் சம ஊதியம். ஆனால் உங்களில் பலர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். இது உங்களுக்கு மனப்பாடம். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சட்டங்கள் நெய்வேலியில் யாரை எண்ணுகின்றன? யாரை எண்ணாமல் விடுகின்றன?

ஒரு சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையென்றால் அது உங்களுக்கான சட்டம் கிடையாது. என் ஆய்வில் நான் புரிந்துகொண்டது இதுதான்.

முதலில் இந்த ஊரின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்ற திட்ட வரைவில் பாபாசாகேப் அம்பேத்கர் முக்கியத் தொழில்கள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தனியார் முதலாளியின் கையில் வேலை இருந்தால், வேலை தேடி வருபவன் தன் உரிமைகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும் என்பது அவருடைய கவலை. சுரங்கத் தொழிலாளியின் நிலை அவருக்குப் புத்தகச் செய்தி கிடையாது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் சென்று பார்த்தார். 1944 தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது.

அந்த வகையில் பொதுத்துறை என்பது நம் மக்களுக்கு ஒரு பெரிய கதவு. சேரியிலிருந்து ஒரு பையன் ஐ.டி.ஐ. முடித்து, இட ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, குவார்ட்டர்ஸ் வாங்கி, பிள்ளைகளை டவுன்ஷிப் பள்ளியில் சேர்த்தான் என்றால் அது ஒரு தலைமுறைத் தாவல். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவரின் மகன், இந்த நகரத்தின் அகலமான தெருவில் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போனான். இதைச் சாதித்தது சட்டம்தான். சட்டத்தால் ஒன்றும் நடக்காது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுதான் என் முதல் பதில்.

இப்போது இரண்டாவது கணக்குக்கு வருவோம். பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். நிரந்தர ஊழியர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று அட்டவணை இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வாருங்கள். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1971இல் வந்த மத்திய விதிகள், ஒப்பந்தக்காரர் வைத்திருக்க வேண்டிய தொழிலாளர் பதிவேட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தன. பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், வேலையின் தன்மை, முகவரி, சேர்ந்த தேதி, நின்ற தேதி, நின்றதற்கான காரணம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சமூகப் பிரிவுக்கு இடம் இல்லை.

ஏன் இல்லை? அங்கே இட ஒதுக்கீடு இல்லை, அதனால் எண்ண வேண்டிய தேவையும் இல்லை. மத்திய அரசுப் பணிகளில் 45 நாட்கள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இட ஒதுக்கீடு உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்னது. 45 நாள் தற்காலிக வேலைக்கு இட ஒதுக்கீடு உண்டு. அதே அலுவலகத்தில் 20 ஆண்டுகள் ஒப்பந்தக்காரரின் ஆளாக வேலை செய்பவருக்கு இல்லை. அவர் சட்டத்தின் பார்வையில் ‘நியமிக்கப்பட்டவர்’ கிடையாது, அவ்வளவுதான். இட ஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அது ஒப்பந்தக்காரரின் வாசலோடு நின்றுவிடுகிறது.

துடைப்பத்தின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது ஒவ்வொரு இளைஞரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட வரலாறு.

1976 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் காத்தல் ஆகிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அது. 1970 சட்டத்தின் 10ஆவது பிரிவு சொல்லும் அளவுகோல்களில் முக்கியமானது, அந்த வேலை நிரந்தரத் தன்மை கொண்டதா என்பது. குப்பை என்றாவது வராமல் இருக்குமா? பெருக்குவதைவிட நிரந்தரமான வேலை உலகத்தில் உண்டா?

1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட வேலையில் இருந்தவர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர்கள் ஆகிவிடுவார்கள் என்றது. நாடு முழுவதும் துடைப்பம் பிடித்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. அது ஐந்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தானாக நிரந்தரம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை என்றது. ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாக ஆராயாமல் ஒட்டுமொத்தமாகத் தடை விதித்தது தவறு என்று 1976 அறிவிக்கையையும் இனிவரும் காலத்துக்குச் செல்லாததாக்கியது.

இப்போது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் நான்கும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் ‘மையப் பணி’களில் ஒப்பந்த முறை கூடாது என்கிறது, அதற்கும் பல விலக்குகளோடு. சரி, எது மையப் பணி அல்லாதது? அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது துப்புரவுப் பணி. பெருக்குதல், சுத்தம் செய்தல், எல்லா வகைக் கழிவுகளையும் அள்ளி அகற்றுதல். அதற்காகவே தொடங்கப்பட்ட நிறுவனமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஒப்பந்த முறைக்கான கட்டுப்பாடுகள் பொருந்தத் தேவையான ஆள் எண்ணிக்கையும் 20இலிருந்து 50 ஆகிவிட்டது.

1976இல் ‘ஒப்பந்தத்துக்கு விடாதே’ என்ற பட்டியலில் இருந்த துடைப்பம், இன்று ‘ஒப்பந்தத்துக்கு விடலாம்’ என்ற பட்டியலுக்கு வந்துவிட்டது. ‘மையம் அல்லாதது’ என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் நிர்வாகச் சொல்லாக நினைத்து எழுதியிருக்கலாம். நமக்கு அது பழைய சொல்லாகக் கேட்கிறது. ஊர் வாழ்வதற்குத் தேவையான வேலையைச் செய்பவர்களை ஊருக்கு வெளியே வை என்பதுதானே சேரி?

என் ஆய்வுக்காக வேறொரு தொழில் நகரத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளியைச் சந்தித்தேன். “எத்தனை வருசமா இந்த வேலை பாக்குறீங்கம்மா?” என்று கேட்டேன். “பதினேழு வருசம் ஆச்சு கண்ணு. காண்ட்ராக்டருங்கதான் அஞ்சு பேரு மாறிட்டாங்க” என்றார். ஒவ்வொரு ஒப்பந்தக்காரர் மாறும்போதும் பதிவேட்டில் அவர் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர். பதினேழு ஆண்டு உழைப்பு அவருடைய முதுகில் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை.

நெய்வேலியில் இதை எதிர்த்து நடந்த போராட்டங்களை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2010, 2014, 2023 என்று பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். பணிமூப்பு அடிப்படையில் ஒரு பகுதியினர் இன்கோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின்கீழ் வந்ததும் அங்கிருந்து நிரந்தரம் கேட்டு நிற்பதும் போராட்டத்தில் கிடைத்தவை. 2020ஐயும் மறக்க முடியாது. மே 7, ஜூலை 1 என்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு மாதங்களுக்குள் இரண்டு முறை கொதிகலன் வெடித்தது. ஜூலை 1 அன்று மட்டும் ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கொதிகலனின் நெருப்புக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பாகுபாடு தெரியாது.

மூன்றாவது கணக்கு, நிலம்.

2023 ஜூலை இறுதியில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுப்பாதைக்காக, கதிர் விடும் நேரத்தில் நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது. நிலம் கொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. நான் கேட்பது வேறு. அந்த வயலில் நாற்று நட்ட பெண்கள் யார்? களை எடுத்தவர்கள் யார்? அறுப்புக்குக் காத்திருந்தவர்கள் யார்? பயிருக்கு இழப்பீடு உண்டு. அந்தப் பயிரில் இருந்த கூலிக்கு? மேடைகளில் ‘மண்ணின் மைந்தர்’ என்ற சொல் அடிக்கடி கேட்கிறது. பட்டா இல்லாதவர்கள் மண்ணின் மைந்தர் இல்லையா?

இங்கேதான் சட்டம் நமக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தைப் படியுங்கள். நிலமே இல்லாத விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்கு உழுபவர், கைவினைஞர் ஆகியோர் மூன்று ஆண்டுகளாக அந்தப் பகுதியில் வேலை செய்து, அதுவே முதன்மை வாழ்வாதாரமாக இருந்தால் அவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அவர்களுக்குத் திட்டத்தில் உருவாகும் வேலை, அல்லது குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று வழி சொல்கிறது. நிலத்தை மட்டும் பார்த்துவந்த சட்டம், நிலத்தில் உழைத்தவரையும் பார்க்கத் தொடங்கிய இடம் இது.

ஆனால் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? இங்கே நிலம் எடுக்கப் பயன்படுவது 1997ஆம் ஆண்டின் மாநிலத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். 2013 சட்டத்திலிருந்து இதற்கு விலக்களித்து மாநில அரசு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. உடனே மாநில அரசு புதிய சட்டம் கொண்டுவந்து பழையதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இதன் விளைவு என்ன? இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகள் பொருந்தும். ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை.

இது ஏதோ நடைமுறை நுணுக்கம் என்று கடந்துவிடாதீர்கள். நிலம் வைத்திருப்பவர் வருவாய்த்துறை ஆவணத்தில் இருக்கிறார். அவரைத் தேட வேண்டியதில்லை. கூலி ஆள் எந்த ஆவணத்திலும் இல்லை. பாதிக்கப்படும் குடும்பங்கள் எத்தனை என்று ஊர் ஊராகப் போய் எண்ண வேண்டிய கட்டம்தான் சமூகத் தாக்க மதிப்பீடு. அதை எடுத்துவிட்டால், சட்டத்தில் உரிமை இருக்கும், அந்த உரிமைக்கு உரியவரின் பெயர் எங்கும் இருக்காது.

எண்ணுவது சாத்தியமா என்றால், சாத்தியம்தான். தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களை இனவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. அங்கே இடைத்தரகர் வழியாக வரும் குறைந்த ஊதியத் தொழிலாளி மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தால், வேலை வாங்கும் நிறுவனத்தின் ஊழியராகவே கருதப்பட வேண்டும் என்று தொழிலுறவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் தொழிலாளர் பக்கமே நின்றது. இனவெறியைக் கடந்துவந்த ஒரு நாட்டுக்கு, எண்ணாமல் நீதி வராது என்று தெரிந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது என்ன?

ஒன்று, ஆவணம் சேருங்கள். ஒப்பந்தம் வெறும் போலி என்று நிரூபித்தால் தொழிலாளி முதன்மை நிறுவனத்தின் ஊழியர்தான் என்ற வழியைச் செயில் தீர்ப்பே திறந்துவைத்திருக்கிறது. நிரூபிக்கச் சான்று வேண்டும். கேட் பாஸ், வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, வேலை வாங்கிய மேற்பார்வையாளர் யார் என்ற குறிப்பு எல்லாம் சான்று. ஒப்பந்தக்காரர் மாறினாலும் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் மாறாது. ஐந்து பதிவேடுகள் மறைத்ததை அந்த ஓர் எண் காட்டிக்கொடுக்கும். உங்கள் அம்மா, அப்பா, சித்தப்பாவின் பாஸ்புக்கை இந்த வாரமே எடுத்து வையுங்கள்.

இரண்டு, சுற்றியுள்ள ஊராட்சிகளில் மே 1 அன்று கிராமசபை கூடுகிறது. ‘எங்கள் ஊரில் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்கள் இவை, இத்தனை ஆண்டுகளாக இந்த வயல்களில் வேலை செய்கின்றன’ என்று பெயர்ப் பட்டியலோடு தீர்மானம் போடுங்கள். அரசு எண்ணாவிட்டால் நாம் எண்ணி அரசின் மேசையில் வைப்போம்.

மூன்று, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த வேலைக்கு எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்கள், எத்தனை ஆண்டுகளாக, எந்தச் சமூகப் பிரிவினர்? ‘அப்படி ஒரு கணக்கு இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அரசின் கையெழுத்தோடு வரும் ஒப்புதல் வாக்குமூலம் அது.

நான்கு, அரசியல் கோரிக்கை. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. துப்புரவுப் பணியை ‘மையம் அல்லாத’ பட்டியலிலிருந்து நீக்கி, ஒப்பந்தப் பணியிலும் சமூகவாரிக் கணக்கைக் கட்டாயமாக்கும் திருத்தத்தைச் சமூகநீதி பேசும் மாநிலம் கொண்டுவரட்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள்.

‘ஜெய் பீம்’ படம் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலமான நிகழ்வு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 1993இல் முதனை கிராமத்தில் நடந்தது. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன ராஜாகண்ணு எங்கே என்று அவருடைய மனைவி கேட்டார். வழக்கறிஞராக இருந்த சந்துரு அந்தக் கேள்வியை ஆட்கொணர்வு மனுவாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். இந்த ஆள் எங்கே, கொண்டுவந்து காட்டு என்பதுதான் அந்த மனுவின் பொருள்.

நாம் கேட்பதும் அதுதான். இந்தச் சுரங்கத்தைப் பெருக்கியவர்கள் எங்கே? இந்த வயலில் நட்டவர்கள் எங்கே? பதிவேட்டைத் திறந்து பெயரைக் காட்டு.